தலைகீழ்க் கணக்கு

எக்ஸ் கதிர்களை ராண்ட்ஜன் கண்டுபிடித்தது 1895-ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டிலேயே மருத்துவர்கள் அவற்றைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படுத்திப் பார்த்தனர். ஆனால் அன்று தொடங்கிய ஒரு சிக்கல் தீர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அதைத் தீர்த்ததில் கணிதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

உடலுக்குள் இருக்கும் கட்டியை அடைய, கதிர் நல்ல திசுக்களைக் கடந்தே செல்ல வேண்டும். தண்டுவடத்தைச் சுற்றி ஒரு கட்டி வளையம்போல் வளர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டிக்கு 60 கிரே கதிர் தேவை. (ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே.) நாளுக்கு 2 கிரே வீதம் பிரித்துக் கொடுத்தாலும், தண்டுவடம் ஏறத்தாழ 50 கிரேக்கு மேல் தாங்காது. அளவு மிஞ்சினால் கைகால்கள் செயலிழக்கலாம். குறைந்தால் கட்டி மீண்டும் வளரலாம்.

பல திசைகளிலிருந்து கதிரைப் பாய்ச்சினால் அவை சந்திக்கும் இடத்தில் மட்டும் அளவு கூடும். எந்தத் திசையில் எவ்வளவு? தொடக்கத்தில் இதை அனுபவத்தால் ஊகித்து, சம அளவுக் கோடுகள் வரைந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கையால் கூட்டிப் பார்த்தனர். விடை சரியில்லை என்றால் மீண்டும் ஊகம், மீண்டும் கூட்டல்!

1956-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில், ஆலன் கார்மாக் என்ற இயற்பியல் விரிவுரையாளர் ஒரு மருத்துவமனையில் பகுதிநேரமாகப் பணிபுரிந்தார். எலும்பு, தசை, நுரையீரல் ஆகியவை கதிரை வெவ்வேறு அளவில் உறிஞ்சும் என்பதைப் பொருட்படுத்தாமலே அங்குக் கணக்கிடப்படுவதைக் கண்டார். உடலைத் திறக்காமல் உள்ளே இருப்பதை அறிய முடியுமா என்று சிந்தித்தார். பல திசைகளில் ஊடுருவி வெளிவரும் கதிர்களை அளந்தால் உள்ளமைப்பைக் கணக்கிடலாம் என்று 1963, 1964 ஆண்டுகளில் கட்டுரைகள் எழுதினார். இன்றைய சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படையான அக்கணிதத்திற்காக, ஹவுன்ஸ்ஃபீல்டுடன் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிகிச்சைக் கணக்கில் பிறந்த அந்தக் கணிதம், பிறகு தலைகீழாகச் சிகிச்சைக்கே திரும்பியது. ஸ்கேனில் கதிர்கள் தெரியும்; உள்ளமைப்பைக் காண வேண்டும். சிகிச்சையில் உள்ளே வேண்டிய அளவு தெரியும். கதிர்களைக் காண வேண்டும். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் பிராமேயும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல், மேலே சொன்ன வளையக் கட்டி போன்ற ஓர் எளிய வடிவத்துக்கு இக்கணக்கைச் செய்தனர். நடுவிலுள்ள உறுப்பை மறைத்துவிட்டு, மறைப்பின் விளிம்பை ஒட்டிக் கதிரை மிகச் செறிவாகவும் விலக விலகக் குறைவாகவும் பாய்ச்ச வேண்டும் என்று விடை வந்தது. கார்மாக்கும் 1987-இல் இதே வகைக் கணக்கைப் பற்றி எழுதினார்.

ஆனால் எல்லா வடிவங்களுக்கும் இவ்வழி உதவாது. சூத்திரத்தை அப்படியே பயன்படுத்தினால் சில இடங்களில் கதிரின் அளவு எதிர்மறையாக வரும். கொடுத்த ஆற்றலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கதிர் இயற்கையில் ஏது? எனவே கச்சிதமான விடை பெரும்பாலும் இல்லை. இயன்றவற்றுள் சிறந்ததையே தேட வேண்டும். இத்தேடலைத்தான் கணிதத்தில் உகமப்படுத்தல் என்கிறோம்.

அதன் முறை இது: கதிர்க்கற்றையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அளவையும் சுழி அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணாகக் கொள்வர். ஒவ்வோர் இடத்திலும் வேண்டிய அளவுக்கும் கிடைக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கத்தை, அந்த இடத்தின் முக்கியத்துவத்தைக் குறிக்கும் எடையால் பெருக்கிக் கூட்டுவர். இக்கூட்டுத்தொகை மிகக் குறையும்வரை கணிப்பொறி எண்களை மாற்றிக்கொண்டே போகும். 1968-இலேயே அமெரிக்காவில் நேரியல் திட்டமிடல் என்ற முறையைச் சிகிச்சைக் கணக்கில் கையாண்டிருந்தனர். 1989-இல் இங்கிலாந்தின் ஸ்டீவ் வெப், காய்ச்சிய உலோகம் மெல்ல ஆறி நிலைபெறுவதைப் போன்ற ஒரு தேடல் முறையைப் பயன்படுத்தினார். ஜெர்மனியின் தாமஸ் போர்ட்ஃபெல்டு 1990-இல் வேறொரு வழி காட்டினார். 1990-களில் இத்தகைய திட்டங்களின்படி நோயாளிகளுக்குச் சிகிச்சை தரப்பட்டது. செறிவு மாற்றிய கதிர்ச் சிகிச்சை என்று அது பெயர் பெற்றது.

அப்படியானால் எல்லாவற்றையும் கணிப்பொறியே முடிவு செய்கிறதா? இல்லை. தண்டுவடத்துக்கு எவ்வளவு எடை, கட்டிக்கு எவ்வளவு எடை என்பதைச் சூத்திரம் சொல்லாது. தண்டுவடத்தின் எடையைக் கூட்டினால் கட்டியின் விளிம்பு தப்பிப் பிழைக்கலாம். குறைத்தால் நோயாளியின் நடைக்கே ஆபத்து வரலாம். ‘சிறந்தது’ எது என்று மருத்துவரும் இயற்பியலாளரும் முதலில் கூற வேண்டும். அதன் பிறகே கணிதம் அதைத் தேடித் தரும்.