மும்பையின் மலர்க்காலம்

பூ மலர்வதைக் கொண்டே பருவத்தை அறிந்தவர் நம் முன்னோர். வேங்கை பூத்தால் தினை முற்றிற்று, மணநாளும் நெருங்கிற்று. கொன்றை பூத்தால் கார் வந்தது. பொருள் தேடப் போன தலைவனும் வந்தாக வேண்டும். குறுந்தொகையின் 66ஆம் பாடலில், கொன்றை பூத்தும் தலைவன் வரவில்லையே என்று கலங்குகிறாள் தலைவி. தோழியோ, பெய்தது பருவமல்லாத மழை என்றும், அதனைக் கார் என்று நம்பி மலர்ந்த கொன்றையே பேதைமை உடையது என்றும் கூறித் தேற்றுகிறாள். ஒரு மரத்தைச் சான்றாக அழைத்து, அச்சான்றையே பொய்யென்று வாதிடும் அளவிற்கு மரமும் மனிதனும் நெருங்கி வாழ்ந்த காலம் அது!

பிறந்த மண்ணை விட்டு மும்பைக்கு வந்துவிட்ட நாம் எம்மலரைக் கண்டு பருவம் அறிகிறோம்? இவ்வினாவிற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செம்பூரில் ஒரு காட்சி

மாசித் திங்களில் செம்பூர் செட்டா நகர் முருகனை வழிபட்டுத் திரும்புவோர் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் காட்கோபர், விக்ரோளிப் பக்கம் சென்றால் ஓர் அரிய காட்சியைக் காணலாம். இலை உதிர்த்து வெறுங்கிளையாய் நின்ற மரங்கள் உச்சிமுதல் அடிவரை இளஞ்சிவப்பு மலர்களைச் சூடி நிற்கும். ஒவ்வொரு பூவும் சிறியதோர் எக்காளம் போன்றது. உதிர்ந்தவை சாலையோரத்தில் பாயென விரிந்து கிடக்கும். லாரிகளின் புகைக்கும் இரைச்சலுக்கும் இடையே வாகனங்களை ஓரங்கட்டி மக்கள் படம் எடுத்துக்கொள்கின்றனர். ஜப்பானியச் செர்ரி மலர்கள் நம் ஊருக்கே வந்துவிட்டன என்று வியப்போரும் உண்டு.

இது செர்ரி அன்று. தாவரநூலார் இதனைத் தபேபுயா ரோசியா என்பர். இந்தி பேசுவோர் ‘பசந்த் ராணி’ என்பர். இதன் தாயகம் நடு அமெரிக்காவும் அதனை ஒட்டிய நாடுகளும் ஆகும். எல் சால்வடோர் நாட்டின் தேசிய மரமும் இதுவே. உரையாசிரியர்கள் வகுத்த கணக்கின்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியுமே இளவேனில். ஆயினும் கடல் கடந்து வந்த இம்மரம் மும்பையின் வசந்தத்தைப் பின்பனியிலேயே தொடங்கி வைத்துவிடுகிறது!

மரங்களும் குடியேறிகளே

இதனை அடுத்துச் சாலைகளில் பொன் தூவுகிற இயல்வாகை தென்கிழக்காசியப் பகுதிகளைச் சேர்ந்தது. கோடையின் உச்சியில் தீப்போல் சிவக்கும் குல்மோகர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. மாட்டுங்காவின் தெருக்களுக்குக் குடைபிடிக்கும் தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்காவினது. வந்தவற்றைத் தமிழ் அயலாக ஒதுக்கவில்லை. குல்மோகரை மயிற்கொன்றை என்று தன் கொன்றையோடு உறவு கூட்டிக்கொண்டது. மாலையில் இலை மூடும் மரத்தைத் தூங்குமூஞ்சி என்று வீட்டுப் பிள்ளையைக் கேலி செய்வதுபோல் அழைத்தது. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களும், தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மாட்டுங்காவிற்கு வந்தவர்களும் இம்மரங்களைப் போன்று வேற்று மண்ணில் வேரூன்றியவர்கள் அல்லரோ?

நட்டவர் யார்?

காட்டில் வசந்தம் தானே வரும். நகரத்தில் யாரேனும் நட்டால்தான் வரும். மாட்டுங்காவின் நிழலுக்குப் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமே நோயை வளர்த்தது என்று கருதிய அரசு, 1898இல் நகரச் சீரமைப்பு அறக்கட்டளையை நிறுவியது. அதன் திட்டத்தால் தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளும் திறந்த வெளிகளும் தோன்றின. பொறியாளர் மஞ்சர்ஜி ஜோஷி தாதர் பார்சி குடியிருப்பை உருவாக்கியபோது, தெருவுக்கொரு மரம் என்னும் முறையில் சாலைகளை அழகுபடுத்தினார். அதே காலப்பகுதியில்தான் தென்னாட்டுக் குடும்பங்களும் மாட்டுங்காவில் நிலைபெற்றன. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. கன்றும் குடும்பமும் ஒருங்கே வளர்ந்த வட்டாரம் அது.

தாராவியின் கதை இதனினும் வியப்புடையது. மித்தி ஆற்றங்கரையில் நகரத்தின் குப்பையெல்லாம் கொட்டப்பட்ட மேட்டின்மீது மண் பரப்பி, மரம் நட்டு, 37 ஏக்கர் பரப்பில் சோலை ஒன்று உருவாக்கப்பட்டது. மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்னும் பெயரில் 1994இல் அது திறக்கப்பட்டது. குப்பைமேடே காடாகுமெனில், மனிதன் மனம் வைத்தால் ஆகாதது எது?

ஜப்பான் தரும் பாடம்

கியோட்டோ நகரில் செர்ரி மலர்ந்த நாட்கள் 9ஆம் நூற்றாண்டு முதல் ஏடுகளில் இடம்பெற்றுள்ளன. இன்று புவி வெப்பமாதலை ஆராய்வோர்க்கு அவை பெருந்துணை. டோக்கியோ நகரம் அமெரிக்கத் தலைநகருக்கு அனுப்பிய மரங்களில் பூச்சியும் நோயும் இருந்தமையால் 1910இல் அவை எரிக்கப்பட்டன. நட்பு முறியவில்லை, 1912இல் 3,020 மரங்கள் மீண்டும் வந்தன. இன்று வாஷிங்டனின் வசந்தமே அவற்றால் அறியப்படுகிறது. பார்ப்பதோடு நில்லாமல் குறித்து வைத்ததும், ஒருமுறை தோற்றபின் மீண்டும் நட்டதுமே அம்மலர்களின் பெருமைக்குக் காரணம்.

காப்பது யார்?

2025இல் செட்டா நகரிலிருந்து தாணே நோக்கி மேம்பாலச் சாலை அமைக்கும் திட்டத்தால் நெடுஞ்சாலை மரங்களுக்கு ஆபத்து நேர்ந்தது. மக்கள் குரல் எழுப்பினர். பெருநகர வளர்ச்சி ஆணையம் வடிவமைப்பைத் திருத்தி, 127 பசந்த் ராணி மரங்களை வெட்டாது விடுவதாக அறிவித்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் சிந்திக்க வேண்டியதும் உண்டு. ஆண்டுதோறும் கண்டு களித்த மரங்களுக்காக மக்கள் பேசினர். பகட்டாய்ப் பூவாத, பெயரறியாத மரங்களுக்காகப் பேசுவோர் யார்? சங்கப் புலவர் பொரிக்கு உவமை கூறிய புன்கு இந்நகரிலும் பூக்கிறது. அதன் கீழ் நடந்தும் நாம் அறிவதில்லை. அயல்மரத்தின் அழகைப் போற்றுவோம். அதனோடு இம்மண்ணின் பறவைக்கும் வண்டிற்கும் உணவளிக்கும் புன்கும் இலவும் புரசும் தழைக்கவும் இடம் செய்வோம்.

மாட்டுங்கா பூக்கடையில் மல்லிகையும் கதம்பமும் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு அவற்றின் பெயர் தெரியும். தலைக்குமேல் மலர்ந்திருக்கும் பூவின் பெயர் தெரியாது. பெயர் தெரியாத மரம் வீழும்போது இழந்தது யாதென்றும் தெரியாது. ஆதலின் இவ்வாண்டு மாசியில் பிள்ளைகளை அழைத்துச் சென்று மரங்களைக் காட்டுவோம். அவற்றின் பெயர்களைச் சொல்லித் தருவோம். பசந்த் ராணியையும் நல்லதொரு தமிழ்ப் பெயரால் அழைப்போம். முதற்பூ மலர்ந்த நாளை ஆண்டுதோறும் ஓர் ஏட்டில் குறித்து வைப்போம். மலரைக் கொண்டு பருவம் அறிந்த மரபு அவ்வழியே மும்பையிலும் தொடரும்.