குறைந்த பொருளும் நிறைந்த வீடும்

வரிசையாகக் கட்டிய வீடுகள்; சுவருக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். லயத்து வாழ்க்கையை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஜப்பானியத் தொழிலாளரும் சிறு வணிகரும் இத்தகைய வீடுகளில் வாழ்ந்தனர். அவற்றை 'நகயா', அதாவது நீள வீடு என்பர். ஒசாகா நகரின் சுமியோஷி பகுதியில், ஒட்டி நின்ற மூன்று மரவீடுகளுள் நடுவிலிருந்ததை நீக்கிவிட்டு 1976-ஆம் ஆண்டில் ஒரு சிறு வீடு எழுந்தது. கட்டடக் கலை வரலாற்றில் நிலைத்துவிட்ட அந்த வீட்டைப் பற்றி இன்று காண்போம்.

அதை வடிவமைத்தவர் தடாவோ ஆண்டோ. 1941-இல் ஒசாகாவில் பிறந்து, பாட்டியின் அரவணைப்பில் நகயா ஒன்றில் வளர்ந்தவர். இளமையில் குத்துச்சண்டை வீரராக இருந்தார். கட்டடக் கலைக்கென்று அவர் கல்லூரிப் பட்டம் பெறவில்லை. நூல்களைப் படித்தும், நாடு நாடாகச் சென்று கட்டடங்களைப் பார்த்தும் தாமே கற்றுக்கொண்டார்.

வீட்டின் அகலம் ஏறத்தாழ 11 அடி. நீளம் 46 அடி. தெருவைப் பார்த்த சுவரில் சன்னல் இல்லை. வாசல் மட்டுமே உண்டு. சுவர்களுக்குப் பூச்சும் இல்லை, வண்ணமும் இல்லை. கான்கிரீட் கான்கிரீட்டாகவே நிற்கிறது. வீட்டை மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியைக் கூரையில்லாத முற்றமாக விட்டார் ஆண்டோ. வெயிலும் காற்றும் அதன் வழியே வீட்டுக்குள் வருகின்றன. இருக்கும் இடமே சிறிது. அதிலும் மூன்றில் ஒரு பங்கை வானத்துக்குக் கொடுத்துவிட்டார்!

இவ்வெளிமைக்கு ஜப்பானில் பழைய வேர் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் நாட்டை ஆண்ட ஹிதெயோஷி, பொன் தகடு போர்த்திய தேநீர் அறை ஒன்றை வைத்திருந்தார். அவரிடமே பணியாற்றிய தேநீர்க் கலைஞர் சென் நோ ரிக்கியுவோ, மண் சுவரும் இரண்டு பாய் விரிக்கும் இடமும் கொண்ட சிற்றறையைப் போற்றினார். அதன் வாசல் மிகச் சிறியது. எத்தனை பெரிய வீரராயினும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்துதான் நுழைய வேண்டும். அவருடையது என்று கருதப்படும் 'தையான்' அறை, கியோத்தோவுக்கு அருகே இன்றும் இருக்கிறது.

ஆண்டோவின் வீட்டில் குறை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. படுக்கையறை மாடியில் உள்ளது. குளியலறையோ கீழே, முற்றத்துக்கு அப்பால். மழை இரவில் குடை பிடித்துத்தான் போக வேண்டும். குளிர்காலத்திலும் அதே திறந்த வெளியைக் கடக்க வேண்டும். இதைக் குறைகூறியோர் பலர். ஆயினும், 1979-இல் ஜப்பானியக் கட்டடக் கலைக் கழகம் இவ்வீட்டுக்குப் பரிசளித்தது. 1995-இல் உலகப் புகழ்பெற்ற பிரிட்ஸ்கர் பரிசும் ஆண்டோவைத் தேடி வந்தது.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். எளிமை வேறு, இல்லாமை வேறு. அந்த வீட்டுக்காரர் திட்டத்தைப் பார்த்து, விரும்பி ஏற்றுக்கொண்டார். இடமில்லாமல் ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுப்பதை எளிமை என்று எவரேனும் புகழ்ந்தால், அதை நாம் ஒப்புக்கொள்ளலாகாது. வெளிச்சம், காற்று, நல்ல தண்ணீர், பிள்ளைகள் படிக்க ஓரிடம் ஆகியவை அலங்காரமல்ல; தேவைகள். இவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். குறைக்க வேண்டியவை வேறு. பயன்படாமல் மூலையை அடைக்கும் தட்டுமுட்டுச் சாமான்களும், அடுத்த வீட்டைப் பார்த்துத் தவணையில் வாங்கும் பொருள்களுமே அவை. அவற்றை விலக்கினால், சிறிய வீட்டிலும் பிள்ளை புத்தகத்தை விரித்து உட்கார இடம் கிடைக்கும்.