வாயைப் பார்க்காத கைகள்

கர்நாடகத்தில் நஞ்சன்கூடு என்றதும் பல் ஞாபகத்துக்கு வருபவர்கள் நிறையப் பேர். கபிலை ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்ரீகண்டேசுவரர் கோயிலுக்கும் புவிசார் குறியீடு பெற்ற ரசபாளே வாழைக்கும் பெயர் போன ஊர்தான். ஆனாலும் வீட்டுக் குளியலறை வரை அந்தப் பெயரைக் கொண்டுபோனது, வைத்தியர் பி.வி. பண்டிதர் 1913இல் தொடங்கிய சத்வைத்யசாலையின் இளஞ்சிவப்புப் பல்பொடி. அந்தப் பொடி இருக்கிற பல்லைக் காப்பதற்கு. போன பல்லுக்கு மாற்றுப் பல் செய்யும் வேலையைக் கற்க விரும்பும் நஞ்சன்கூட்டுப் பிள்ளை பெரும்பாலும் சுமார் 23 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மைசூருக்கு வண்டி ஏற வேண்டும். அங்கிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, பல் லேப் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து பார்த்துப் பார்த்துப் பழகுவது. மற்றொன்று, மைசூரிலோ பெங்களூரிலோ அங்கீகாரம் உள்ள கல்லூரியில் இடம் பிடித்து இரண்டாண்டு டென்டல் மெக்கானிக் டிப்ளமோ படிப்பது.

சட்டத்தின் கண்ணில் இரண்டும் சமமல்ல. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே டென்டல் மெக்கானிக் யார் என்று சொல்லிவிட்டது: பல் செட்டையும் பல்லுக்கான மற்றக் கருவிகளையும் செய்பவர், பழுது பார்ப்பவர். அவர்களுக்கென்று மாநிலப் பதிவேடும் வைத்தது. 2023இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. காகிதத்தில் இவ்வளவு இருந்தும், நாடு முழுக்க லேப் மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானோர் டிப்ளமோ இல்லாமல் கையால் கற்றவர்களே. அவர்கள் செய்த கேப்பும் பிரிட்ஜும் ஊரார் வாயில் நன்றாகத்தான் மெல்லுகின்றன. ஆகவே சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, கற்பதில் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதே பயனுள்ளது.

லேப்பில் சேர்ந்தவனுக்கு முதல் மாதங்களில் அச்சுக்கு ஸ்டோன் ஊற்றுகிற வேலைதான். மருத்துவர் எடுத்து அனுப்பிய அச்சில் டென்டல் ஸ்டோன் என்ற ஜிப்சத் தூளைக் கரைத்து ஊற்றி மாடல் எடுக்க வேண்டும். கல்லூரியில் 100 கிராம் தூளுக்கு 30 மில்லி தண்ணீர் என்று தராசும் அளவுக் குழாயும் வைத்துத் தொடங்குவார்கள். லேப்பில் தராசை யாரும் தொடுவதில்லை. சீனியர் ரப்பர் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டி, “இட்லி மாவு பதத்துக்கு வரணும்” என்பார். சில வாரங்களில் பையனின் கை அந்தப் பதத்தைப் பிடித்துக்கொள்ளும். இருவரின் மாடலும் ஒன்றுபோல இருக்கும், ஸ்டோன் பழையதே கிடைக்கும்வரை. வேறு கம்பெனி மூட்டை வந்தாலோ, மழைக்காலத்தில் வாய் திறந்து கிடந்த மூட்டை ஈரம் இழுத்திருந்தாலோதான் வேறுபாடு தெரியும். லேப் பையன் “இந்த மூட்டை சரியில்லை” என்பான்; அது சரியாகவும் இருக்கும். தண்ணீர் கூடினால் மாடல் ஏன் பலம் இழக்கிறது, ஈரம் பட்ட ஜிப்சத்தின் இறுகும் நேரம் ஏன் மாறுகிறது என்று டிப்ளமோக்காரனால் சொல்ல முடியும். முன்னவனுக்கு அறிகுறி தெரியும், பின்னவனுக்குக் காரணம் தெரியும்.

அக்ரிலிக் பல் செட்டை வேகவைக்கும் கட்டத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது. பிளாஸ்க் என்ற அச்சுப்பெட்டியில் அடைத்த அக்ரிலிக்கைத் தண்ணீரில் 74 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைப்பது ஒரு முறை. 74 டிகிரியில் இரண்டு மணி நேரம், பிறகு 100 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது இன்னொரு முறை. அக்ரிலிக் இறுகும்போது தானும் சூட்டைக் கக்கும். அதனுள் இருக்கும் மோனோமர் 100 டிகிரியை ஒட்டியே கொதித்து ஆவியாகும். நேராகக் கொதிநீரில் போட்டால் தடித்த இடங்களில் குமிழிகள் கிளம்பி, செட் உள்ளே துளைத்துப் போகும். சாயங்காலத்துக்குள் கேஸ் போயாக வேண்டும் என்ற அவசரத்தில் கொதிக்கும் தண்ணீரில் நேராக இறக்கும் லேப்புகள் உண்டு. அங்கே கற்பவனுக்கு அதுவே முறை என்று பதிந்துவிடுகிறது. துளை விழுந்தால், “தூளை நல்லா அமுக்கலை” என்று பழி வேறு எங்கோ போகும். தவறான காரணத்தைக் கற்றவன் அடுத்த முறையும் தவறான இடத்திலேயே திருத்துவான். அனுபவமே ஆசான் என்பவர்கள் இந்தப் பிளாஸ்க்கைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம்.

இதை வைத்துக் கல்லூரிக்கே வெற்றி என்று எழுதிவிட முடியாது. பீங்கான் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத் தொப்பியின் மேல் தூரிகையால் ஒப்பேக், டென்டின், எனாமல் என்று அடுக்கடுக்காகப் பீங்கானை ஏற்ற வேண்டும். சூளையில் அது கணிசமாகச் சுருங்கும் என்பதால் பல்லைவிடப் பெரிதாகக் கட்டி, சுருங்கியபின் சரியான அளவுக்கு வரும்படி கணிக்க வேண்டும். சுருங்கும் விகிதம் புத்தகத்தில் இருக்கிறது. எவ்வளவு ஈரத்தோடு, எவ்வளவு தட்டி, கடைவாய்ப் பல்லின் எந்த மேட்டில் எவ்வளவு கூட்டிக் கட்டுவது என்பது புத்தகத்தில் இல்லை. நூற்றுக்கணக்கில் கட்டினால்தான் கை அதைக் கற்கும். டிப்ளமோவின் இரண்டாண்டில் இயற்பியல், வேதியியல், வாயின் உடற்கூறு, உலோகவியல், மெழுகில் பல் செதுக்குவது எல்லாம் போக, சூளைக்குள் போய்வரும் பற்களின் எண்ணிக்கை குறைவுதான். சுறுசுறுப்பான லேப்பில் அந்த எண்ணிக்கையை எட்டுவதற்கு அவ்வளவு காலம் தேவைப்படாது. டிப்ளமோ முடித்து வந்தவரை முதல் வாரம் “கேஸ் கையில் கொடுக்க முடியாது” என்று லேப் முதலாளி ஒதுக்கி வைப்பதில் நியாயம் இருக்கிறது.

இரு வழிகளுக்கும் நடுவிலான பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது இவை எதுவும் அல்ல. வாய்தான். வெளி லேப்பில் உட்கார்ந்திருப்பவன் எவருடைய வாய்க்குப் பல் செய்கிறானோ அந்த ஆளை ஒருபோதும் பார்ப்பதில்லை. பெட்டியில் அச்சு வருகிறது. சீட்டில் பல்லின் எண்ணும் ‘ஏ2’, ‘பி3’ என்று ஒரு ஷேடும் இருக்கும். வீட்டா ஷேடு கைடில் உள்ள பதினாறு நிறங்களில் ஒன்று அது. அந்த ஆள் வெற்றிலை போடுபவரா, சிரித்தால் ஈறு தெரியுமா, பக்கத்துப் பல்லில் வெள்ளைப் புள்ளி உண்டா என்று சீட்டு சொல்லாது. வேலை திரும்பி வந்தால் ‘ஹை பாயிண்ட்’ (கடிக்கும்போது ஓரிடம் இடிக்கிறது) அல்லது ‘ரீமேக்’ (மறுபடி செய்) என்று ஒரே சொல்லோடு வரும். பையன் தேய்த்துக் கொடுத்துவிடுவான். தவறு அச்சு எடுத்ததிலா, கடி பதிந்ததிலா, தாடையைப் போல அசையும் ஆர்ட்டிகுலேட்டரில் மாட்டியதிலா, தன் மெழுகிலா என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. பத்தாண்டு வேலை செய்தும் தன் பல் ஒருவர் வாயில் உட்கார்ந்ததைப் பார்க்காதவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

பல் மருத்துவக் கல்லூரியில் லேப்பும் நோயாளியும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். நஞ்சன்கூடு தாலுகாவில் கபிலைக் கரையில் உள்ள சுத்தூர் மடத்தின் ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் மைசூரில் நடத்தும் பல் மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனையும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் மெழுகில் அடுக்கிய செட்டை நோயாளியின் வாயில் வைத்துப் பார்க்கும் டிரையலுக்கு எடுத்துப் போகும்போது மாணவனும் கூடப் போகலாம். முன்பற்களின் விளிம்பு கீழுதட்டைத் தொடும் இடம் தவறினால் ‘வ’ சரியாக வராது. பற்களுக்கு நடுவே நாக்குக்கு இடம் குறைந்தால் ‘ச’ விசிலடிக்கும். ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து தன் பேரன் பெயரைச் சொல்லிப் பார்ப்பதை ஒருமுறை கேட்டவன், முன்பல்லை அரை மில்லிமீட்டர் தள்ளி வைப்பதை அற்ப வேலை என்று நினைக்க மாட்டான். கல்லூரி தருவதில் விலைமதிப்புள்ளது இதுவே. எல்லாக் கல்லூரியும் இதைத் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாணவனைத் தரைத்தளத்து லேப்பிலேயே இருத்திவிட்டு மாடிக்கு அனுப்பாத இடத்தில், இரண்டாண்டின் பாதிப் பயன் அங்கேயே போய்விடுகிறது.

லேப்பில் எழும் தூசி விஷயத்தில் கல்லூரியின் பக்கம் நிற்க எனக்குத் தயக்கமே இல்லை. உலோகம் வார்க்கும் அச்சுமண்ணில் சிலிக்கா இருக்கிறது. சில நிக்கல்–குரோமியம் உலோகக் கலவைகளில் பெரிலியமும் சேர்ந்திருக்கும். இவற்றைத் தேய்க்கும்போது எழும் பொடி நுரையீரலை இறுக்கும். முகமூடியும் தூசி உறிஞ்சும் கருவியும் ஏன் என்று கல்லூரி பாடமாகவே சொல்கிறது. லேப் பையனோ முகமூடி போடாத சீனியரைப் பார்த்துப் பழகுகிறான்.

ஸ்கேனரும் மில்லிங் இயந்திரமும் வந்தபின் இரண்டு வழிகளுமே ஆட்டம் கண்டிருக்கின்றன. சிர்கோனியா கட்டியைச் சுமார் 20 முதல் 25 சதவீதம் பெரிதாக இயந்திரமே கடைந்து, 1,500 டிகிரியை ஒட்டிய சூளையில் சுருக்கிவிடுகிறது. சுருக்கத்தை மென்பொருள் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஸ்டோன் ஊற்றி ஊற்றியே மேலே வந்த எடுபிடிக்கு அந்த முதல் படி இல்லாமல் போகிறது. மெழுகில் பல் செதுக்கிப் பழகியவனுக்குத் திரையிலும் பல்லின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தட்டுப்படும். அதில் டிப்ளமோக்காரனுக்குக் கொஞ்சம் சாதகம்.

ஜெர்மனியில் இந்தச் சண்டையே இல்லை. அங்கே பல் தொழில்நுட்பர் பயிற்சி மூன்றரை ஆண்டு. லேப்பில் சம்பளத்தோடு வேலை, இடையிடையே தொழிற்பள்ளியில் பாடம். நம் ஊரில் இரண்டையும் பிள்ளைதான் சொந்தமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். நஞ்சன்கூட்டில் நெஸ்லே, ஜூபிலன்ட் போன்ற ஆலைகள் இருக்கின்றன. பி.யூ.சி. முடித்தவனுக்கு அங்கே முதல் மாதமே சம்பளம் என்பதால், பல் வேலை கற்கும் ஆண்டுகளின் வறட்சி வீட்டில் எளிதில் எடுபடாது. டிப்ளமோ முதலில், பிறகு கேஸ் அதிகம் வரும் லேப்பில் ஓராண்டாவது குறைந்த சம்பளத்துக்கு என்பதே என் யோசனை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் கட்டணத்தையும் விசாரிப்பதற்கு முன், டிரையலுக்கு மாணவர்களை நோயாளியிடம் அழைத்துப் போவீர்களா என்று கேட்டுவிட வேண்டும். லேப்பில் சேரும்போதும் சம்பளப் பேச்சு முடிந்தபின் அதே கேள்வியை முதலாளியிடம் கேட்கலாம். லேப்பும் கிளினிக்கும் ஒரே தெருவில் இருந்தால் மறுப்பதற்கு அவருக்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடைக்காது.