மலையும் தாளும்: கண்டி நாட்டை முப்பரிமாணத்தில் வரைந்த வரலாறு

தாள் ஈரளவுடையது, மலை மூவளவுடையது. நீளமும் அகலமும் மட்டுமே கொண்ட தாளின்மீது, உயரத்தையும் உடன்கொண்ட மலையை எங்ஙனம் வரைவது என்னும் வினா, ஓவியனுக்கும் கணித அறிஞனுக்கும் நில அளவையாளனுக்கும் பொதுவானது. இக்கால மாணவன் கணினித் திரையில் முப்பரிமாணக் காவிகளை அம்புகளாக வரைந்து, விரலசைவினால் அவற்றைச் சுழற்றிப் பார்க்கின்றான். அவ்வெளிமைக்குப் பின்னே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முயற்சி மறைந்து கிடக்கின்றது. அம்முயற்சியின் படிகள் பலவற்றையும் கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் கொண்டே காட்டுதல் கூடும்.

கண்டி அரசுக்கு மலையே மதில். மகாவலி கங்கையே அகழி. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கீசர் படை அழிந்தது. 1803இல் கண்டியுட் புகுந்த பிரித்தானியர் படையும் அவ்வாறே அழிவுற்றது. இத்தோல்விகளுக்கு வீரர் தொகை மாத்திரம் காரணமன்று. நிலத்தின் ஏற்றவிறக்கங்களைப் பகைவர் அறியாமையும் காரணமாயிற்று. கண்டி மன்னர் மலைவழிகளை ஒடுங்கிய அடிப்பாதைகளாகவே விட்டு, கணவாய்களில் முட்கதவங்களை நாட்டிக் காவல் வைத்தனர். நாட்டின் மூன்றாம் பரிமாணம் பிறர் அறியா மறைபொருளாய் இருக்கும்வரை நாடும் அவர் கையில் இருந்தது.

அம்மறைபொருளின் ஒரு பகுதியை முதன்முதல் ஆங்கிலேயருக்கு விரித்துரைத்தவர் றொபேட் நொக்ஸ் என்பவர். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிற் பிடிபட்ட அவர், இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலுக்கு முன்னுரை எழுதியவர், இயற்பியல் அறிஞராகிய றொபேட் ஊக்கு ஆவர். அந்நூலிற் கண்டி அரசின் படமொன்றும் உண்டு. ஆறுகளும் ஊர்களும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. மலைகளோ வரிசையாக நிற்கும் சிறு மேடுகளாகவே காணப்படுகின்றன. மலை உண்டு என்பதை அப்படம் கூறும். அஃது எத்துணை உயரமுடையது, எப்பக்கம் செங்குத்தானது என்பவற்றைக் கூறாது. கால்நடையாகத் திரிந்தவனின் நினைவு மாத்திரமே அதற்கு அளவுகோல்.

1815இற் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. ஆளுநர் எட்வேட் பான்சு காலத்திற் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைக்கப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயில் நிற்கும் கோபுரம், அத்தெருவின் பொறியியலாளராய் உழைத்து 1829இல் மறைந்த டோசன் என்பாரின் நினைவுச் சின்னமாகும். அக்காலத்தே தோமசு சுகின்னரும் யோன் பிரேசரும் மலைநாட்டின் உச்சிகளில் ஏறிக் கோணங்களை அளந்தனர். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலத்தை அமைத்தவரும் இப்பிரேசரே. அவர் தொகுத்த இலங்கைப் படம் 1862இல் இலண்டனில் வெளியாயிற்று. நினைவினால் வரைந்த படத்தினிடத்தைக் கோணத்தால் வரைந்த படம் பெற்றது.

கோணத்தால் அளத்தல் என்பது யாது? நிலத்திலே ஒரே ஒரு கோட்டை மிக நுட்பமாக அளந்துகொண்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள உச்சியொன்றை நோக்கிக் கோணங்களை எடுத்து, அவ்வுச்சியின் இடத்தைக் கணக்கிடலாம். இவ்வாறு பெற்ற புதிய பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் மூடிவிடலாம். 1802இற் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் இலாம்தன் அளந்த அடிக்கோட்டிலிருந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை எழுந்தது இம்முறையாலேயே. இலங்கையில் நீர்கொழும்புக்கு அண்மையில் ஓர் அடிக்கோடும் மட்டக்களப்பில் மற்றோர் அடிக்கோடும் அமைந்தன. மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து கணித்துச் செல்பவர், கிழக்கிலுள்ள கோட்டின் நீளத்தைக் கணக்கினாற் பெறுவர். அதனை நிலத்தில் அளந்த நீளத்தோடு ஒப்பிட்டால், இடையிலுள்ள மலைகளின்மீது நேர்ந்த பிழையின் அளவு தெரியவரும்.

ஓர் உச்சியிலிருந்து மற்றோர் உச்சிக்குச் செல்லும் கோட்டுக்கு நீளமும் உண்டு, திசையும் உண்டு. இவ்விரண்டும் உடையதே காவி. காவி என்னும் கருத்து நில அளவையோடு ஒருங்கு வளர்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. திசையுடைய கோடுகளை எண்களைப்போலக் கூட்டவும் பெருக்கவும் வழிகாட்டும் கட்டுரையை 1797இல் தென்மார்க்கின் அறிவியற் கழகத்தின் முன் வைத்த காசுபர் வெசல், தொழிலால் நில அளவையாளர். அந்நாட்டின் முக்கோண அளவையிலே பணியாற்றியவர். அதன்பின் 1843இல் அமில்தன் நால்மங்களைக் கண்டார். 1844இற் கிராசுமன் தமது நூலை வெளியிட்டார். இவற்றிலிருந்து இன்றைய காவிக் கணிதத்தைக் கிப்சும் எவிசைடும் வடித்தெடுத்தனர். இத்துறையில் ஈழத்தமிழர் பங்கும் உண்டு. ஹாட்லிக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்சிலே திராக்கின் மாணாக்கராயிருந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராய் விளங்கிய கிறித்தி செயரத்தினம் எலியேசர், காவிப் பகுப்பியல் பற்றிய சுருக்க நூலொன்றை 1963இல் வெளியிட்டார்.

கருத்து விளங்க ஓர் எடுத்துக்காட்டுக் கொள்ளலாம். கண்டி நகரிலிருந்து இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலைக்கு ஒரு காவி வரைக. சிகரம் நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் கிழக்கேயும் 32 கிலோமீற்றர் தெற்கேயும் உள்ளது. சிகரத்தின் உயரம் 2524 மீற்றர். நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருத்தலால், மேனோக்கிய கூறு 2 கிலோமீற்றர். ஆகவே கிழக்கு, வடக்கு, மேல் என்னும் வரிசையில் இக்காவியின் கூறுகள் 15, -32, 2 என்பனவாம். மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் காணின் நீளம் 35.4 கிலோமீற்றர் அளவாகும். உயரத்தை விடுத்துக் கணிப்பின் குறைவது ஏறத்தாழ 57 மீற்றர் மாத்திரமே!

இம்முடிவு வியப்பைத் தருவது. படைகளை மாய்த்த உயரம், மழையைப் பிரிக்கும் உயரம், கோப்பிக்கும் தேயிலைக்கும் நிலம் வகுத்த உயரம், நீளக் கணக்கில் 57 மீற்றராகச் சுருங்கி விடுகின்றது. அத்தொலைவில் நிலவுலகின் வளைவு மாத்திரமே ஏறத்தாழ 98 மீற்றரை மறைத்துவிடும். உயரத்தை அளப்பவன் வளைவையும், காற்றில் ஒளி முறிவதையும் கணக்கிற் சேர்க்க வேண்டியதன் காரணம் இதுவே. மூன்றாம் கூறு சிறியது. ஆயினும் புறக்கணிக்கத் தக்கதன்று. படம் வரைவோரின் இடர்ப்பாடு முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

அதே சிகரம் பின்னர் நாட்டின் அளவைக்கு நடுநிலையும் ஆயிற்று. இலங்கையின் தேசிய நெய்யரியில் எறியத்தின் தொடக்கப்புள்ளி பீதுருதாலகாலையிலே அமைந்துள்ளது. மறை எண்கள் நேராவண்ணம், 1999ஆம் ஆண்டு முறையில் அப்புள்ளிக்குக் கிழக்கு 500 கிலோமீற்றர், வடக்கு 500 கிலோமீற்றர் என மதிப்புக் கொடுத்துள்ளனர். இக்கணக்கிற் கண்டி ஏறத்தாழ 485, 532 என்னும் இடத்தில் வரும். யாழ்ப்பாணத்து வேலியாயினும் கண்டித் தேயிலைச் சரிவாயினும், அம்மலையுச்சியிலிருந்து செல்லும் ஒரு காவியின் முனையாகவே அளவை ஏட்டிற் பதிவாகின்றது.

இடத்தைக் குறித்தாயிற்று; உயரத்தைத் தாளிற் காட்டுவது எப்படி? 1774இல் சுகொத்துலாந்தின் சீகாலியன் மலையை ஆராய்ந்தபோது, சாள்சு அட்டன் என்னும் கணித அறிஞர் ஒத்த உயரமுடைய புள்ளிகளைக் கோட்டினால் இணைத்தார். அதுவே சமவுயரக்கோடு. கோடுகள் நெருங்கின் சரிவு கடிது, விலகின் மெலிது. சமவுயரக்கோட்டுக்குச் செங்குத்தாக மேனோக்கி வரையும் அம்பு, மலை மிகக் கடிதாக ஏறும் திசையைக் காட்டும். மழைநீர் அதன் எதிர்த்திசையில் ஓடும். ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்னும் அளவில் இலங்கையின் இடவிளக்கப்படங்களை ஆக்கும் பணி 1897இல் தொடங்கி 1924இல் நிறைவெய்திற்று. நொக்ஸ் காட்டிய சிறு மேடுகள் அப்படங்களிற் கோட்டு வளையங்களாக மாறின.

உயரத்தை அறிதல் வெறும் அறிவு வேட்கையன்று. 1867இற் கண்டியை அடைந்த புகையிரதப் பாதை கடுகண்ணாவையில் 45 அடிக்கு ஓரடி என்னும் சாய்வில் ஏறுகின்றது. அவ்வாண்டிலேயே யேமிசு தெயிலர் கண்டிக்குத் தென்கிழக்கே உலூல்கந்துறையில் தேயிலை பயிரிட்டார். 1873இல் யோசேப்பு ஊக்கர் என்னும் தாவரவியலறிஞர் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என அறிவுரை பகர்ந்தார். நிலத்தின் எல்லையை வேலியால் அன்றி மூன்றாம் கூற்றால் வரையறுத்த விதி அது. அதனைக் காக்க வேண்டின், 5000 அடிக் கோடு மலையில் எங்கே செல்கின்றது என்பதைத் திட்டமாக அறிதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல் மவுண்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் தில்லியிலிருந்து கண்டிக்கு வந்து பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைந்தது. பருமாவின் மலைகளிற் போர் நடத்தும் தளபதிகளுக்கு நிலம் கண்முன் தோன்ற வேண்டியிருந்தது. அதன்பொருட்டுப் படங்களும் விளக்க வரைவுகளும் ஆக்குவதற்கென்றே கண்டியில் அமெரிக்கர் சிலர் பணிபுரிந்தனர். போல் சைல்டு என்னும் ஓவியர் அவருள் ஒருவர். மலையைக் காணாதவனுக்கு மலையைக் காட்டும் கலை அன்று போர்க்கருவியாயிற்று.

இன்று அக்கலை மாணவரின் கைக்கு வந்துள்ளது. 1964இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தபோது, முப்பரிமாண உருவை மாணவர் வரைபலகையிலே கிடைப்படம், நிலைப்படம் என இரு எறியங்களாகப் பிரித்தே வரைந்தனர். பிரெஞ்சு அறிஞர் மொஞ்சு வகுத்த முறை அது. ஓர் எறியம் நிழல் போன்றது. ஒரே நிழலைத் தரும் பொருள்கள் பல உண்டு. ஆதலால் ஒன்றுக்கு மேற்பட்ட நிழல்கள் வேண்டும். 1984இல் வணிகத்துக்கு வந்த மட்லாப், 1986இல் வெளியான நியூபிளொட், 2003இல் வெளியான மட்பிளொட்லிப் முதலிய மென்பொருள்கள் புரிவதும் இதுவே. அவை முப்பரிமாணத்தைத் திரையில் வைப்பன அல்ல. காவியின் மூன்று கூறுகளையும் இரண்டாகச் சுருக்கி ஒரு நிழலையே வரைகின்றன. நாம் உருவைச் சுழற்றும்போது நொடிதோறும் புதிய நிழல்கள் பிறக்கின்றன. பல நிழல்களைத் தொடர்ந்து காணும் மனம் உருவை உணர்கின்றது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. கண்டியிலிருந்து பீதுருதாலகாலைக்குச் செல்லும் அக்காவியை மென்பொருளில் இடுக. மென்பொருள் ஒவ்வோர் அச்சையும் தரவுக்கேற்ப விரித்து, எல்லாப் பக்கமும் ஒத்த பெட்டியில் அடைத்துக் காட்டுமாயின், 32 கிலோமீற்றரும் 2 கிலோமீற்றரும் ஒரே நீளமாகத் தோன்றும்; உயரம் 16 மடங்கு மிகைப்படும். அச்சுகள் ஒத்த அளவின அல்லவாயின், செங்குத்தான காவிகள் செங்குத்தாகத் தோன்றா, நீளங்களும் பொய்க்கும். ஒத்த அளவில் வரையினோ மலை தட்டையாகக் கிடக்கும். ஆகவே மிகைப்படுத்தல் குற்றமன்று; மிகையின் அளவை எழுதாது விடுதலே குற்றம். உயரத்தை இரு மடங்காக்கிய படத்தில் 30 பாகைச் சரிவு 49 பாகையாகத் தோன்றும் என்பதைப் பார்ப்பவன் அறிந்திருத்தல் வேண்டும்.

இது வெறும் வகுப்பறை நுட்பமோ எனின், அன்று. சரிவில் நிற்கும் மண்ணின் நிறை கீழ்நோக்கிய ஒரு காவி. அதனைச் சரிவின் வழியாகவும் சரிவுக்குச் செங்குத்தாகவும் இரு கூறாக்கலாம். 30 பாகைச் சரிவிலே நிறையின் சரிபாதி மண்ணைக் கீழே இழுக்கின்றது. செங்குத்துக் கூறு உராய்வை உண்டாக்கி அதனைத் தடுக்கின்றது. பெருமழையில் மண்ணின் துளைகளில் நிறையும் நீர் அத்தடையைக் குறைக்கும்போது மலை நழுவுகின்றது. 2014 ஒக்டோபரிற் கொசுலாந்தையின் மீரியபெத்தையிலே தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மண் மூடியது. 2016 மேயிற் கண்டிக்கு மேற்கேயுள்ள அரநாயக்கையில் மலையொன்று சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையாற் கண்டி மாவட்டம் உட்பட மலைநாடெங்கும் சரிவுகள் நேர்ந்து பல உயிர்கள் மாண்டன. மலைச்சரிவிலே பல தலைமுறையாக வாழும் தமிழ்த் தொழிலாளர்க்கு மூன்றாம் கூறு கணக்கன்று, வீட்டின் அடித்தளம்.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாட் பயணத்திற் கதிரலைகளால் அளந்த உயரத் தரவுகள் இன்று எவர்க்கும் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு ஹந்தானை மலையின் ஒவ்வொரு புள்ளியிலும் சரிவின் திசையையும் கடுமையையும் அம்புகளாக வரைந்து, நீர் எங்கே கூடும், எவ்விடம் நழுவக்கூடும் என ஆராய்தல் மாணவர்க்கும் இயலும். ஆயினும் அத்தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 30 மீற்றர் உண்டு. ஒரு லயன் வரிசை முழுவதும் அவ்விடைவெளியில் மறைந்துவிடக் கூடும். ஆதலால் திரையிற் கண்டதை நிலத்திற் சென்று சரிபார்த்தல் இன்றும் தவிர்க்கவொண்ணாதது.

மன்னர் காலத்தில் மலையின் உருவை மறைத்தல் காவலாயிற்று. வெற்றியாளர் காலத்தில் அதனை அளத்தல் ஆட்சியாயிற்று. நம் காலத்திலோ அதனை யாவரும் தெளிவாகக் காணச் செய்தலே காவலாகும். படைகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் பயன்பட்ட அளவையறிவு, அம்மலையடியில் உறங்கும் மக்களுக்குப் பயன்படும் நாளிலேதான் தன் முழுப்பயனையும் எய்தும்.