தடையும் விடையும்: மென்பொருள் குழுக்களில் கருத்து மாறுபாடு தீரும் வழி

மென்பொருள் உருவாக்கம் கணக்கைப் போன்றது என்றும், அங்கு எழும் கருத்து மாறுபாடுகள் சோதித்துப் பார்த்த மாத்திரத்தில் தாமே தீர்ந்துவிடும் என்றும் அத்துறைக்கு வெளியே இருப்போர் கருதுவது இயல்பு. நிரல் ஓடுகிறதா இல்லையா என்பதை எந்திரமே சொல்லிவிடும்போது மனிதர் வாதிடுவதற்கு என்ன மிஞ்சும் என்பது அவர்கள் ஐயம். ஆனால் எந்திரம் தீர்த்துவைக்கக்கூடிய வழக்குகள் குழுவின் முன் பெரும்பாலும் வருவதே இல்லை. இரண்டு வழிகளும் ஓடும், இரண்டும் சரியான விடையையே தரும். எனினும் ஐந்தாண்டு கழித்து அந்த நிரலைத் திருத்த வருபவருக்கு எது எளிதாக இருக்கும், எந்த வழி எந்தப் பிழைக்குக் கதவைத் திறந்துவைக்கும் என்பன போன்ற, இன்று அளந்து காட்ட இயலாத கேள்விகளே வழக்காக மாறுகின்றன. அத்தகைய வழக்கில் ஒரு முடிவு நிலைப்பது ஆதரித்தோரின் எண்ணிக்கையாலோ வாதிட்டவரின் நாவன்மையாலோ அன்று, எழுப்பிய தடைக்கு விடை கிடைத்துவிட்டது என்பதைத் தடை எழுப்பியவரே காண முடிவதால்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

தடை, விடை என்னும் சொற்கள் தமிழ் உரைமரபிலிருந்து இங்கு எடுத்தாளப்படுகின்றன. ஒரு பொருள்கோளை நிறுவப் புகும் உரையாசிரியர், அதற்கு எதிராகப் பிறர் சொல்லக்கூடியதைத் தாமே தடையாக எழுப்பி, அதற்கு விடை கூறிய பின்னரே மேற்செல்வார். நன்னூலின் பாயிரம் எண்ணும் எழுவகை மதங்களில் பிறர் கொள்கையை முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைவதும் ஒன்று. இம்மரபில் விடை என்பது இணக்கம் ஆகாது. தடை எழுப்பியவர் கடைசிவரை உடன்படாமலே போகலாம், ஆயினும் அவருடைய தடை நூலுக்குள் பதிந்து, மறுமொழியோடு நிற்கும். மென்பொருள் உலகில் இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாக வகுத்தது இணையத்தின் நெறிமுறைகளை, அதாவது கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை, வகுத்துத் தரும் ஐஇடிஎஃப் என்னும் அமைப்பாகும்.

1986-இல் தொடங்கிய அவ்வமைப்புக்கு முறையான உறுப்பினர் பட்டியல் கிடையாது. விரும்பும் எவரும் பங்கேற்கலாம். உறுப்பினர் யார் என்றே வரையறுக்காத இடத்தில் வாக்கு எண்ணுவதற்கும் பொருள் இல்லை. 1992-இல் டேவிட் கிளார்க் அங்கு ஆற்றிய உரையில் அரசர்களையும் வாக்கெடுப்பையும் ஒருசேர மறுத்து, ஏறத்தாழ எட்டப்பட்ட இசைவையும் ஓடிக் காட்டும் நிரலையும் மட்டுமே நம்புவதாக அமைப்பின் கொள்கையைச் சுருக்கிக் கூறினார். இந்த 'ஏறத்தாழ இசைவு' என்பதன் பொருளை 2014-இல் பீட் ரெஸ்னிக் எழுதிய ஆர்எஃப்சி 7282 என்னும் ஆவணம் விரித்துரைக்கிறது. அதன்படி, எழுந்த சிக்கல்கள் அனைத்தும் கவனித்து விடையளிக்கப்பட்டிருந்தால் இசைவு எட்டப்பட்டதாகும். அவை அனைத்தும் ஏற்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. நூறு பேர் ஆதரித்து ஐவர் மறுத்தாலும், அந்த ஐவரின் தடைக்கு விடை இல்லையெனில் இசைவு இல்லை. மறுதலையாக, ஐவர் ஆதரித்து நூறு பேர் மறுத்தாலும், அந்த நூறு பேரும் ஏற்கெனவே விடை பெற்றுவிட்ட ஒரே தடையைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்களாக இருந்தால் இசைவு இருக்கவே செய்யலாம்.

அவ்வமைப்பின் கூட்டங்களில் கை உயர்த்துவதற்குப் பதிலாக முனகும் வழக்கம் உண்டு. இந்தப் பக்கத்தை விரும்புவோர் முனகுங்கள், அடுத்து அந்தப் பக்கத்தை விரும்புவோர் முனகுங்கள் என்று தலைவர் கேட்க, வாய் திறவாமல் எழும் ஒலியின் அளவைக் கொண்டு அவையின் போக்கு அறியப்படுகிறது. வேடிக்கையாகத் தோன்றும் இவ்வழக்கத்தில் நுட்பம் உண்டு. கைகளை எண்ணிவிடலாம், முனகலை எண்ண முடியாது; எண்ண முடியாததை வாக்கு என்று எவரும் மயங்கமாட்டார்கள். ஒரு பக்கம் மெல்லிய முனகல் எழுந்தால், அவர்களைத் தோற்றவர்களாகக் கொள்ளாமல், உங்கள் தடை யாது என்று கேட்டு வாதத்தைத் தொடங்குவதற்கே அது பயன்பட வேண்டும் என்கிறது மேற்சொன்ன ஆவணம். எது உங்களுக்கு விருப்பம் என்ற கேள்வியைவிட, எதை உங்களால் ஏற்கவே முடியாது என்ற கேள்வி பயன் மிக்கது என்பதும் அதன் கருத்து. முதற்கேள்விக்கு ஆளுக்கொரு விடை வரும். இரண்டாவது கேள்விக்குப் பலர் பேசாதிருப்பர், பேசுவோர் காரணத்தோடு பேசுவர்.

காரணத்தைக் கண்ணெதிரே காட்டுவது எண்ணிக்கையைவிட எவ்வளவு வலியது என்பதற்குப் பைதான் நிரல்மொழியின் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. அம்மொழிக்கான மாற்றங்கள் 'பெப்' எனப்படும் எழுத்து முன்மொழிவுகளாக வைக்கப்பட்டு விவாதிக்கப்படுகின்றன. ஒரு நிபந்தனை மெய்யானால் ஒரு மதிப்பையும் பொய்யானால் வேறொன்றையும் ஒரே வரியில் தரும் வசதி வேண்டும் என்ற முன்மொழிவு, பெப் 308, 2003-இல் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஏதேனும் ஒரு வடிவத்தில் அவ்வசதி வேண்டும் என்ற விருப்பம் பரவலாக இருந்தும், எந்த ஒரு வடிவத்துக்கும் பெரும்பான்மை கிட்டாததால் அது தள்ளுபடியாயிற்று. ஆனால் தேவை போய்விடவில்லை. நிரலாளர்கள் 'ஆண்ட்', 'ஆர்' என்னும் இரு இணைப்புச் சொற்களைக் கோத்து அதே பயனை ஒருவாறு பெற்றுவந்தனர். அந்தக் குறுக்குவழியில் ஒரு குழி இருந்தது. மாணவர் தேர்வுக்கு வந்திருந்தால் அவருடைய மதிப்பெண்ணையும், இல்லையென்றால் 'வரவில்லை' என்பதையும் அச்சிடும் வரி ஒன்றை இவ்வழியில் எழுதியதாகக் கொள்ளலாம். தேர்வுக்கு வந்து சுழியம் வாங்கிய மாணவருக்கு அந்த வரி 'வரவில்லை' என்றே அச்சிடும். ஏனெனில் பைதான் சுழியத்தையும் பொய்யாகவே கொள்ளும். மற்ற எல்லா மாணவருக்கும் சரியாக ஓடும் நிரல் என்பதால் சோதனையிலும் இப்பிழை எளிதில் சிக்காது. இத்தகைய பிழைகள் மலிந்ததே காரணமாக, மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2005-இல் வடிவத்தைத் தாமே தேர்ந்து முன்மொழிவை ஏற்றார். 2006-இல் வெளிவந்த 2.5 பதிப்பில் அவ்வசதி இடம்பெற்றது. வாக்கெடுப்பு அவரவர் சுவையைக் கேட்டது, பிழையோ வசதியே வேண்டாம் என்றவர்களின் தடைக்கு விடையாக வந்து நின்றது. சக பணியாளரை இணங்கவைக்க விரும்பும் எவரும், தம் வழி அழகியது என்று பத்துப் பத்தி எழுதுவதைவிட, எதிர்வழி சறுக்கும் ஓர் உள்ளீட்டைக் காட்டுவது மேல் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அதே மொழியில், அதே மனிதரின் முன், 2018-இல் நேர்மாறானது நிகழ்ந்தது. ஒரு கோவையின் நடுவிலேயே மாறிக்கு மதிப்பளிக்கும் வசதியை, வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தங்களை நினைவூட்டும் இரட்டைப்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த குறியீட்டால், கொண்டுவர விரும்பிய பெப் 572 பல மாதங்கள் கடும் வாதத்துக்கு உள்ளாயிற்று. தடைகள் விடையின்றி விடப்பட்டன என்று சொல்லிவிட முடியாது. வெறும் சமக்குறியைப் பயன்படுத்தினால் ஒப்பிடும் குறியோடு மயங்கி, சி மொழியில் நெடுங்காலமாக இருந்துவரும் பிழை இங்கும் வரும் என்ற தடைக்காகவே தனிக் குறியீடு தேரப்பட்டது. தள்ளப்பட்ட மாற்று வடிவங்களும் அவற்றைத் தள்ளியதற்கான காரணங்களும் முன்மொழிவிலேயே எழுதப்பட்டன. மாற்றுக் கருத்துகளைப் பதிவுசெய்வது முன்மொழிபவரின் கடமை என்று பெப் நடைமுறையும் விதிக்கிறது. இவ்வளவும் இருந்தும், முன்மொழிவை ஏற்ற சில நாட்களில், 2018 ஜூலை 12 அன்று, இவ்வளவு போராடி ஒரு முடிவை எடுத்த பின்னும் அது பலரின் வெறுப்புக்கு உள்ளாவதைக் கண்டு சலித்து, முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்தே விலகுவதாக வான் ரோசம் அறிவித்தார்.

இதனை மின்னஞ்சல் வாதங்களின் கடுமையால் விளைந்தது என்று விளக்குவதே வழக்கம். அது உண்மைதான், எனினும் முழு உண்மை ஆகாது. பெப் 572-இன் ஆசிரியர் மூவருள் வான் ரோசமும் ஒருவர். முன்மொழிந்தவரும் தீர்ப்பளித்தவரும் ஒருவராகவே அமைந்தபோது, அவர் கூறிய விடை எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், தடை எழுப்பியவரின் கண்ணுக்கு அது வழக்காடியின் மறுமொழியாகவே தோன்றியிருக்கும். 2005-இல் முடிவை அவர் தனியாகவே எடுத்தார் என்றாலும், அங்கே விடை சொன்னது பிழை. 2018-இல் விடை சொன்னவர் அவரே. பின்னர் நிகழ்ந்தவை இவ்விளக்கத்துக்குத் துணைநிற்கின்றன. ஆட்சிமுறை குறித்து ஏழு முன்மொழிவுகள் வைக்கப்பட்டு, 2018 டிசம்பரில் மையப் பங்களிப்பாளர்கள் ஐவர் கொண்ட வழிகாட்டு மன்ற முறையைத் தேர்ந்தனர். அம்மன்றத்தின் முதல் ஐவருள் ஒருவராக வான் ரோசமே தேர்ந்தெடுக்கப்பட்டார். வெறுப்பு அம்மனிதர் மீது என்றால் இது நடந்திருக்காது.

சிறு குழுக்களுக்கும் இது பொருந்தும். குழுத்தலைவர் தாமே வடிவமைப்பை எழுதி, தாமே அதற்கு எழும் தடைகளை மதிப்பிட்டு, தாமே ஒப்புதலும் தரும் இடங்களில் நிரல் மறுஆய்வு, அதாவது ஒருவர் எழுதிய நிரலை அது சேர்க்கப்படுமுன் மற்றவர் படித்துப் பார்க்கும் முறை, வெறும் சடங்காகிவிடுகிறது. வயதும் பதவியும் மதிக்கப்படும் பணியிடங்களில் இது இன்னும் நுட்பமான வடிவம் கொள்ளும்: 'சார் பார்த்துவிட்டார்' என்ற சொல்லே விடையாகிவிட, தடை மேசையிலிருந்து நகர்ந்து தேநீர்க் கடைக்குப் போய்விடும். அமைதி இசைவின் அடையாளமா, அச்சத்தின் அடையாளமா என்பதை வெளியிலிருந்து அறியும் வழி இல்லை. பேசாதிருப்பதை இசைவாகக் கொள்ளும் வழக்கம் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களிலும் உண்டு. ஆனால் அங்கு எவரும் மறுக்கலாம் என்பது எழுதப்பட்ட விதி, அதற்கெனக் குறைந்தது 72 மணிநேரம் விடப்படுவதும் வழக்கம். நிரல் மாற்றத்துக்கு எதிராக வாக்குரிமை பெற்ற ஒரே ஒருவர் இடும் எதிர்வாக்கு அம்மாற்றத்தையே நிறுத்திவிடும், தொழில்நுட்பக் காரணம் காட்டப்பட்டால். காரணம் இல்லாத எதிர்வாக்கு செல்லாது. தனி ஒருவருக்கு இவ்வளவு வலிமை தந்து, அதன் விலையாகக் காரணத்தைக் கேட்கும் இவ்விதி, பெரும்பான்மையைவிடத் தடையையே மதிக்கும் மனப்பாங்கின் நேர்த்தியான வெளிப்பாடு.

எல்லாத் தடைக்கும் விடை தேடுவதானால் வேலை நடப்பது எப்போது என்ற எதிர்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எளிதில் மாற்றக்கூடிய முடிவுக்கு நாட்கணக்கில் வாதிடுவது வீண். பார்க்கின்சன் என்னும் எழுத்தாளர் 1957-இல் கேலியாகக் காட்டியபடி, அணு உலையைப் பேசாமல் ஒப்பிய குழு மிதிவண்டிக் கொட்டகையைப் பற்றிச் சலிக்காமல் பேசும். கொட்டகை எல்லோருக்கும் புரியும். நிரலில் எத்தனை இடைவெளி விடுவது, அடைப்புக்குறி எந்த வரியில் வருவது என்பன இத்தகைய கொட்டகைகள். 2009-இல் வெளியான கோ மொழி, நிரலை ஒரே வடிவில் அடுக்கித் தரும் கருவியையும் உடன் வழங்கி அச்சச்சரவை வாசலிலேயே முடித்துவைத்தது. அக்கருவியின் பாணி எவருக்கும் பிடித்தமானது அன்று, கருவியோ எல்லோருக்கும் பிடித்தது என்று அம்மொழியார் சொல்லிச் சிரிப்பதுண்டு. சுவைக்கு விடை இல்லை என்பதால் அதை வழக்கிலிருந்து நீக்கிவிடுவதே முறை. மொழியின் இலக்கணமோ அப்படிப்பட்டதன்று. ஒருமுறை வெளிவந்து பிறர் நிரல்களில் புகுந்துவிட்டால் திரும்பப் பெறுவது அரிது. காலம் செலவிடத் தகுந்தது அங்கேதான்.

தடைக்கு விடை கிடைத்தும் வழக்கு தீராத இடம் ஒன்றும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. கணினி இயங்கத் தொடங்கும்போது மற்றச் சேவைகளை எழுப்பும் மென்பொருளாக எதனை இயல்புநிலையில் வைப்பது என்ற வழக்கு, டெபியன் இயங்குதளத் திட்டத்தில் எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழுவின் முன் வந்தது. உறுப்பினர்கள் தத்தம் நிலைப்பாட்டைக் காரணங்களோடு நீளமாக எழுதினர்; அவற்றைப் படிப்போர் தொழில்நுட்பத் தடை எதுவும் கவனிக்கப்படாமல் போனதாகச் சொல்வது கடினம். ஆயினும் 2014 பிப்ரவரியில் குழு நாலுக்கு நாலாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி என்னும் மென்பொருள் வென்றது. அவ்வாண்டு நவம்பரில் குழுவிலிருந்து சிலர் விலகினர். மாறுபட்டோர் டெவுவான் என்ற தனித்திட்டத்தைப் பிரித்தெடுப்பதாக அறிவித்தனர். அங்கு வழக்கின் மேற்பரப்பில் இருந்தது சேவைகளை எழுப்பும் முறை. அடியில் இருந்ததோ ஒருவர் ஆக்கும் மென்பொருள் மற்றவரின் விருப்பத்தை எவ்வளவு கட்டுப்படுத்தலாம் என்ற கேள்வி. அதற்கு எந்த உள்ளீட்டையும் சோதித்துக் காட்ட முடியாது. அதே நவம்பரில் அவ்விவகாரம் குறித்துத் திட்டத்தினர் அனைவரும் பங்கேற்ற வாக்கெடுப்பும் நடந்தது. அதில் வென்றது, இதற்கு ஒரு பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற தெரிவு. ஐந்தாண்டு கழித்து, 2019 டிசம்பரில், அவர்கள் அதே வழக்குக்கு மீண்டும் வாக்களித்தனர்.