மூத்திரப்பையின் உணர்வு நரம்புகளும் கார்லோ ஆல்பெர்ட்டோ மாஜ்ஜியின் ஆராய்ச்சியும்

மூத்திரப்பையைச் சுருங்கச் செய்வது இடுப்பு நரம்புகளின் நுனியில் வெளிப்படும் அஸிடைல்கோலினே என்ற கொள்கை உடலியலில் வேரூன்றியிருந்த காலத்திலும், அதில் ஓர் ஓட்டை இருந்துகொண்டேதான் வந்தது. அட்ரோபினால் அந்த ரசாயனத்தின் செயலைத் தடுத்த பின்பும் பல பிராணிகளின் மூத்திரப்பை நரம்புத் தூண்டுதலுக்குச் சுருங்குவதை உடலியலறிஞர்களான லாங்லியும் ஆண்டர்ஸனும் 1895-லேயே கண்டிருந்தார்கள். எஞ்சிய சுருக்கத்துக்குக் காரணத்தைத் தேடியோரில் பர்ன்ஸ்டாக் முதலியோர் ஏடிபி என்னும் பொருளைச் சுட்ட, வேறு சிலர் நரம்புப் பெப்டைடுகளை நாடினர். புளோரன்ஸ் நகரத்து மெனாரினி மருந்து நிறுவனத்தின் மருந்தியலறிஞரான கார்லோ ஆல்பெர்ட்டோ மாஜ்ஜி, 1980-களில் இத்துறையில் ஈடுபட்டபோது, பையைச் சுருக்குவது எது என்ற பழைய வினாவோடு நில்லாமல், பை நிரம்பிவிட்டதென்று தண்டுவடத்துக்கு அறிவிப்பது எது என்ற வினாவையும் எழுப்பினார். அவருடைய விசேஷம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

அவருக்கு வழிவகுத்த சம்பவங்கள் இரண்டு. 1931-இல் லண்டனில் வான் ஆய்லரும் காடமும் குதிரையின் மூளையிலும் குடலிலுமிருந்து பிரித்தெடுத்த ஸப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடு, பதினொரு அமினோ அமிலங்களால் ஆனதென்று 1971-இல்தான் நிர்ணயமாயிற்று. மற்றொன்று ஹங்கேரியில் நிகழ்ந்தது: செகெட் நகரத்து மிக்லோஷ் யாஞ்சோ, மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்ஸைசினை மிகுதியாகக் கொடுத்தால் உணர்வு நரம்புகளில் ஒரு பகுதி மரத்துப் போவதைக் கண்டார்; பின்னர் அதே நகரத்து ஆராய்ச்சியாளர்கள், பிறந்த சில தினங்களான எலிக்குட்டிக்கு அதைச் செலுத்தினால் அந்த நரம்புகள் நிரந்தரமாக அழிவதை 1977-இல் வெளியிட்டனர். மிளகாய்ப் பொடிக்குப் பெயர்போன ஊரில் இது நிகழ்ந்தது தற்செயலோ என்று கேட்கத் தோன்றுகிறது.

மாஜ்ஜியும் அவருடைய சகாக்களான சாந்திசியோலி, மேலி முதலியோரும் காப்ஸைசினை ஒரு கருவியாகக் கைக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. எலியை யூரீத்தேன் கொடுத்து மயக்கி, மூத்திரப்பையின் மேற்பகுதியில் ஊசியைச் செருகி, உப்புநீரைச் சிறுகச் சிறுக உட்செலுத்தி, உள்ளே ஏறும் அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். வேறு பல மயக்க மருந்துகள் சிறுநீர் கழிக்கும் அனிச்சைச் செயலையே அடக்கிவிடுவன. யூரீத்தேனோ அதை விட்டுவைப்பது. மயக்க மருந்தின் தேர்வு அற்பமான விஷயமென்று எண்ணாமல், அதைப் பற்றியே மாஜ்ஜியும் மேலியும் 1986-இல் தனிக் கட்டுரைகள் எழுதினார்கள். காப்ஸைசினால் உணர்வு நரம்புகளை இழந்த எலியில், பை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பிய பிறகே அந்த அனிச்சைச் செயல் எழுந்தது. சாதாரண எலியின் பைமேல் அதே பொருளைத் தடவினாலோ, நரம்பு நுனிகளிலிருந்து ஸப்ஸ்டன்ஸ் பி முதலான டாக்கிகைனின் பெப்டைடுகள் வெளிப்பட்டு, தண்டுவடத்தின் கட்டளைக்குக் காத்திராமலே அவ்விடத்துத் தசை சுருங்கியது. செய்தியை எடுத்துச் செல்வதொன்றே தொழில் என்று கருதப்பட்ட நரம்பு, தன் நுனியில் தானே காரியமும் ஆற்றுகிறது என்பதை அவரும் மேலியும் 1988-இல் ஒரு விரிவான கட்டுரையில் எடுத்துரைத்தனர்.

அடுத்த வருஷமே இந்த ஞானம் மனிதரிடம் சோதிக்கப்பட்டது. பையின் உணர்ச்சி மிகுந்து அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்ந்த நோயாளிகள் சிலருக்கு நீர்த்த காப்ஸைசின் கரைசலை உட்செலுத்தியபோது, முதலில் எரிச்சலும் அவசரமும் மிகுந்தன. பை கொள்ளும் அளவும் குறைந்தது. ஆனால் சில தினங்களில் உபாதை தணிந்து, சிறிது காலம் அவர்கள் சுகம் கண்டார்கள். 1992-இல் லண்டனில் கிளேர் ஃபவ்லரும் அவருடைய குழுவினரும் நரம்புக்கோளாற்றால் பை கட்டுப்பாடிழந்தவர்களுக்கு இதைச் சிகிச்சையாகவே பயன்படுத்தத் தொடங்கினர்.

காப்ஸைசின் இவ்வாறு சிகிச்சையாக, பெப்டைடுகளைப் பற்றிய ஆராய்ச்சியின் கதி வேறாயிற்று. டாக்கிகைனின்களை ஏற்கும் என்கே-1, என்கே-2, என்கே-3 ஏற்பிகளைத் தனித்தனியே தடுக்கும் பொருள்களை உருவாக்குவதில் மாஜ்ஜியின் குழு நீண்ட காலம் உழைத்தது. மனித மூத்திரப்பைத் தசையில் என்கே-2 ஏற்பியே பிரதானம் என்ற அறிவும் வலுப்பட்டது. எலியில் என்கே-1 ஏற்பிக்கும் பங்குண்டு. ஒரு பிராணியிடம் கிடைத்த வெற்றியை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பதில் இடறல் நேர்வதற்கு இத்தகைய வேற்றுமைகளும் காரணமாகின்றன. என்கே-1 தடுப்பான்களில் ஒன்றான அப்ரெபிடான்ட் 2003-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றதும் புற்றுநோய் மருந்துகளால் உண்டாகும் வாந்திக்காகவே. மூத்திரப்பை நோய்க்கென்று இவ்வகைத் தடுப்பான் எதுவும் மருத்துவ வழக்கில் நிலைபெறவில்லை.