நிரூபணத்துக்காக 232 ஆண்டுகள் காத்திருந்த எண்

1644 ஆம் ஆண்டு. பிரெஞ்சுத் துறவியும் கணித அறிஞருமான மரின் மெர்சென் தமது நூலொன்றின் முகவுரையில் ஒரு பட்டியலை வெளியிட்டார்.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடக்கூடிய, ஒன்றிலும் பெரிய எண்ணே முதன்மை எண். பகா எண் என்றும் இதனைக் கூறுவர். இரண்டின் வலு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சில வேளைகளில் முதன்மை எண் கிடைக்கும். 257 வரையான வலுக்களில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே அவ்வாறு தரும் என்பது மெர்சென்னின் கூற்று. அதற்கு அவர் நிரூபணம் எதுவும் தரவில்லை. டெக்கார்ட், ஃபெர்மா போன்றோருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர் என்பதால் அவரது சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது.

127 ஆம் வலு தரும் எண் இதோ: 170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727. மொத்தம் 39 இலக்கங்கள். சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதாயின், விநாடிக்கு ஒரு வகுத்தல் வீதம் பல்லாயிரம் கோடி ஆண்டுகள் தேவைப்படும்.

1876 இல் பிரெஞ்சுக் கணித ஆசிரியர் எடுவார்ட் லூக்கா மாற்று வழி கண்டார். மூன்றில் தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் வர்க்கித்து இரண்டைக் கழித்துக்கொண்டே செல்லவேண்டும். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இரண்டின் 7 ஆம் வலு தரும் 127 என்ற எண்ணுக்கு இதனைச் செய்து பாருங்கள்: 3, 7, 47, 48, 16, 0. ஆறாம் இடத்தில் பூச்சியம் வருகிறது. எனவே 127 முதன்மை எண். அந்த 39 இலக்க எண்ணுக்கோ 126 ஆம் இடம்வரை செல்லவேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில் லூக்கா அதனைக் கையாலேயே செய்து, மெர்சென் சொன்னது சரியென நிறுவினார்.

அதே ஆண்டில் 67 ஆம் வலு தரும் எண் முதன்மை எண் அல்ல என்றும் அவர் காட்டினார். அதன் காரணிகளை அமெரிக்கரான பிராங்க் நெல்சன் கோல் 1903 இல் கண்டறிந்தார்: 193707721, 761838257287. பின்னர் 257 உம் பிழையானது. விடுபட்டிருந்த 61, 89, 107 ஆகியன பட்டியலில் சேர்ந்தன. ஆக, ஒரே மனிதர் ஒரே பக்கத்தில் எழுதியவற்றில் மெய்யும் பொய்யும் கலந்திருந்தன. எழுதியவரின் பெயரை வைத்து அவற்றைப் பிரித்தறிய எவராலும் முடியவில்லை.

லூக்காவின் எண் 1951 வரை, 75 ஆண்டுகள், அறியப்பட்ட மிகப்பெரிய முதன்மை எண்ணாக விளங்கியது. அவரது முறையை லெமர் என்ற அமெரிக்கர் 1930 களில் செம்மைப்படுத்தினார். 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட, நான்கு கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணும் அந்தச் சோதனையாலேயே உறுதிசெய்யப்பட்டது.

செய்தித்தாளில் பணியாற்றியவர்கள் நன்கறிந்த பாடம் இது. பெரியவர் ஒருவர் சொன்னார் என்பது செய்தியின் தொடக்கம் மட்டுமே. அது மெய்யா என்று சரிபார்க்கும் வேலை அதன் பின்னர்தான் இருக்கிறது.